பட்டுச் சாறி சிக்காத விரல்

இன்று காலை சிஃபோன் துண்டைப் பத்து விரலிலும் இழுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு இடத்தில்தான் சிக்கியது, வலது பெருவிரலின் ஓரத்தில். மார்கழி முதலாம் நாள் இதே துண்டு 17 இடத்தில் சிக்கியது. நடுவில் என்ன செய்தேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். அடுத்த வருடம் எனக்கே தேவைப்படும்.

நான் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் வீட்டு விறாந்தையில் மெசின் போட்டுத் தைக்கிறவள். மார்கழியில் இங்கே யாரும் கலியாணம் வைக்கமாட்டார்கள். தை பிறந்ததும் வரிசையாக வரும். அதனால் அந்தக் கலியாணங்களுக்கான பிளவுஸ் வேலை எல்லாம் மார்கழியில்தான் என் மேசைக்கு வந்து சேரும். பட்டு, சிஃபோன், நெட் என்று எல்லாமே நூல் இழுபடுகிற சாமான். சரியாக அதே மாதத்தில்தான் வாடைக்காற்றும் தொடங்கி, என் விரல் ஓரங்கள் பனைமட்டைக் கருக்கு மாதிரி ஆகும். ஒவ்வொரு வருடமும் இப்படித்தான். இந்த முறை ஒரு மணப்பெண்ணின் காஞ்சிபுரப் பட்டுத் துண்டைக் கையால் நீவிவிட்டபோது ஒரு ஊடு நூல் என் பெருவிரல் வெடிப்பில் மாட்டி வெளியே வந்துவிட்டது. மெல்லிய ஊசியால் பின்பக்கமிருந்து அதைத் திரும்ப உள்ளே இழுத்துச் சமன் செய்ய 40 நிமிடம் போனது. நல்லவேளை, அந்த இடம் கக்கத்து மடிப்புக்குள் போய்விட்டது.

அன்றிரவே ஒரு பழைய கொப்பி எடுத்தேன். சிஃபோனில் 4 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டி, ஒவ்வொரு விரலின் நுனியிலும் இரண்டு ஓரங்களிலும் மெல்ல இழுத்து, எத்தனை இடத்தில் சிக்குகிறது என்று எண்ணினேன். கைக்கு 17. குதிக்கால் இரண்டிலும் எண்ணவே முடியவில்லை, துண்டு ஒட்டிக்கொண்டு நின்றது. எண்ணாமல் இருந்திருந்தால் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று எனக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது.

இன்னொரு சோதனையும் தேவைப்பட்டது. கையில் எதைப் பூசினாலும் அது துணியில் படக்கூடாது. பற்றன் வெட்டுகிற பிரவுண் கடதாசி வீட்டில் எப்போதும் இருக்கும். பூசிய விரலை அதில் 10 விநாடி அழுத்தி, கடதாசியை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய்ப் பசை இருந்த இடம் ஊடு தெரியும். கறை விழாமல் இருக்க எத்தனை நிமிடம் பொறுக்க வேண்டும் என்பதையும் கொப்பியில் குறித்தேன்.

முதலில் செய்ததெல்லாம் பிழை.

எல்லோரையும் போலத் தேங்காய் எண்ணெயில்தான் தொடங்கினேன். இரவு பூசிக்கொண்டு படுப்பேன். விடியப்புறம் எழும்பினால் போத்தலில் எண்ணெய் வெள்ளையாக உறைந்திருக்கும். நுவரெலியாக் குளிர் இல்லைதான். போனில் 22 பாகை என்று காட்டும். ஆனால் தேங்காய் எண்ணெய்க்கு அது போதும், 24 பாகைக்குக் கீழே போனால் இறுகத் தொடங்கிவிடும். அம்மா கொண்டை ஊசியால் தோண்டித் தலையில் வைப்பா. பகலிலும் இரண்டு முறை பூசிப் பார்த்தேன். 45 நிமிடத்துக்குப் பிறகும் கடதாசியில் கறை விழுந்தது. அதைப் பொருட்படுத்தாமல் ஒரு லைனிங் துணியைத் தொட்டேன், இரண்டு பெருவிரல் அடையாளம். முகப் பவுடரைத் தூவி ஒரு இரவு வைத்துத் தட்டி எடுத்தேன். ஐந்து நாளில் சிக்கு 17இலிருந்து 14. இவ்வளவு எண்ணெய்க்கு இது ஒன்றுமே இல்லை.

அடுத்தது தேசிக்காய். குதிக்காலுக்குத் தேசிக்காயும் சீனியும் சேர்த்துத் தேய்த்தால் காய்ப்பு உரியும் என்று மச்சாள் சொன்னா. தேய்த்தேன். வெடிப்புக்குள் புளி போனபோது கண்ணில் தண்ணீர் வந்தது. அதோடு விடாமல், கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல்லில் குதிக்காலை வைத்து நன்றாக உரஞ்சினேன். அன்று மட்டும் மழமழப்பு. மூன்றாம் நாள் முன்பைவிடத் தடிப்பாகத் திரும்பி வந்தது, இடது காலில் ஒரு வெடிப்பில் இரத்தமும் கசிந்தது. தேசிக்காய்ச் சாறு தோலில் இருக்க வெயிலில் நின்றால் கொப்புளம் போட்டுக் கறுக்கும் என்பதையும் பிறகுதான் அறிந்தேன். கையில் பூசாமல் விட்டது என் புத்தியால் இல்லை, அன்று தேசிக்காய் ஒன்றுதான் இருந்தது.

நடுவில் 1,850 ரூபா கொடுத்து வாசனை லோஷன் ஒன்றும் வாங்கினேன். வெடிப்பில் எரிந்தது. அதன் வாசனை துணியில் ஏறி, மெசினடியில் கலியாண வீட்டு மணம். அது இப்போது மச்சாளிடம் இருக்கிறது.

மூன்றாவது பிழை கற்றாழை. முற்றத்தில் நிற்கிறது, காசு இல்லை. சோற்றைச் சுரண்டி மிக்சியில் அடித்து, அரைப்பங்கு தேங்காய் எண்ணெய் சேர்த்து அடித்தபோது அழகான வெள்ளைக் களிம்பு வந்தது. பழைய கிறீம் பேணியில் போட்டு மேசையில் வைத்தேன். கையில் பட்ட சுகத்தைச் சொல்லி முடியாது. ஆறாம் நாள் ஒரு புளிச்ச மணம். எட்டாம் நாள் மூடியைத் திறந்தால் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்த எதையும் கெடாமல் காக்கிற மருந்து போடாமல் வெளியில் வைக்கக்கூடாது. வெடித்த கையில் அதைப் பூசியது இன்னும் பெரிய மடைத்தனம். அதற்குப் பிறகு நான் செய்த களிம்பு எதிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை. கரண்டியைக்கூடத் துடைத்து வெயிலில் காயவைத்துத்தான் எடுத்தேன்.

இதுவரை என்னத்தைப் பூசுவது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். வழி திரும்பியது கேத்திலால்.

தேத்தண்ணிக்குச் சுடவைக்கிற கேத்திலின் உள்ளே வெள்ளைப் படை தடித்துப் போயிருந்தது. சுரண்டும்போதுதான், இந்தத் தண்ணீரைத்தானே சூடாக்கிக் குளிக்கிறேன், இதில்தானே கை கழுவுகிறேன் என்று பொறி தட்டியது. எங்கள் குடாநாடே சுண்ணாம்புக் கல்லின்மேல்தான் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நுரைக்காத சவர்க்காரம் எங்கே போகிறது என்று நான் கேட்டதில்லை. வாளியின் உள்விளிம்பில் சாம்பல் நிறமாக ஒட்டுகிற அந்த அழுக்கு என் தோலிலும்தான் ஒட்டும்.

சரி, அளந்து பார்க்கலாம் என்று 5 கிராம் குளிக்கிற சவர்க்காரத்தைச் சீவி 100 மில்லிலீற்றர் சுடுதண்ணீரில் கரைத்தேன். ஒரே மாதிரி மூன்று போத்தல், ஒவ்வொன்றிலும் 250 மில்லிலீற்றர். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் கொதிக்க வைத்து ஆறவிட்டு மேலாக வடித்த அதே தண்ணீர், மற்றதில் மழைத்தண்ணீர். கரைசலை ஒவ்வொரு தேக்கரண்டியாக விட்டு, மூடி 10 முறை குலுக்கி, நுரை ஒரு நிமிடம் நிற்கிறதா என்று பார்த்தேன். மழைத்தண்ணீருக்கு ஒரு கரண்டி போதும். கொதித்து வடித்ததற்கு 4. கிணற்றுத் தண்ணீருக்கு 7 கரண்டி விட்டும் நுரையைவிடக் கலங்கல்தான் கூட. ஆராய்ச்சிசாலைக் கணக்கு இல்லை இது, குசினி மேசைக் கணக்கு. எனக்கு இது போதும்.

பிறகு ஒரு நாள் முழுக்க நான் எத்தனை முறை சவர்க்காரம் போட்டுக் கை கழுவுகிறேன் என்று கோடு போட்டேன். 15. சமையல், சட்டி பானை, மெசினுக்கு எண்ணெய் விட்ட பிறகு, பட்டைத் தொட முன்னர். அதில் பாதிக்கு மேல் உடுப்புத் தோய்க்கிற கட்டிச் சவர்க்காரம், குசினியில் கையெட்டும் தூரத்தில் அதுதானே இருக்கும். கூடவே குளிர் என்று காலையும் மாலையும் சுடுதண்ணிக் குளிப்பு, ஒவ்வொன்றும் 15 நிமிடத்துக்குக் குறையாது. வாடைக்காற்றின்மேல் போட்ட பழியில் பாதி என்னுடையது.

மாற்றியவை இவை. மழைப்பீலிக்குக் கீழே 60 லீற்றர் பீப்பா ஒன்றை வைத்தேன். கூரைப் புழுதி போக முதல் பத்து நிமிட மழையை வெளியே விட்டுப் பிறகுதான் பிடித்தேன். டெங்குக் காலம் என்பதால் வாயை நெட் துணியில் எலாஸ்டிக் வைத்துத் தைத்து மூடினேன். கை கழுவ இந்தத் தண்ணீர் மட்டும், குளிக்க இல்லை. கட்டிச் சவர்க்காரத்தைக் குசினியிலிருந்து கிணற்றடிக்குத் துரத்தினேன். பதிலாக வாசனையில்லாத திரவச் சவர்க்காரம், அதுவும் எண்ணெயோ மீனோ தொட்டால்தான். மற்ற நேரம் வெறும் தண்ணீர். பாத்திரம் கழுவும்போது றப்பர் கையுறை. குளிப்பு ஒரு நாளைக்கு ஒரு முறை, 5 நிமிடம். உடம்பில் சவர்க்காரம் கக்கத்துக்கும் தொடை இடுக்கிற்கும் பாதத்திற்கும் மட்டும், முழங்கைக்கும் காலுக்கும் தேவையில்லை.

சுடுதண்ணீரை விட்டது நான் பயந்த அளவு கடினமாக இருக்கவில்லை. திருவெம்பாவைக் காலத்தில் சங்கும் சேமக்கலமும் ஒழுங்கையால் போகிற சத்தத்தில் எழும்பிக் கிணற்றடிக்குப் போனவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் கிணற்றில் அள்ளிய தண்ணீர் இளஞ்சூடாக இருக்கும். கூரைமேல் தாங்கியில் நின்ற தண்ணீர்தான் ஊசியாகக் குத்தும். தாங்கிக் குழாயை விட்டுவிட்டு வாளியால் அள்ளிக் குளித்தேன்.

இதை மட்டும் செய்து, எதுவுமே பூசாமல் ஐந்து நாள் பார்த்தேன். 14 சிக்கு 9 ஆனது. பூசிய எதுவும் தராத பலன்.

இனிப் பூச்சு. பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று பிரித்ததும் வேலை இலகுவானது. பகலுக்குக் கிளிசரின். பாமசியில் 100 மில்லிலீற்றர் 420 ரூபா. அப்படியே பூசினால் பிசுபிசுத்துக் கையில் பஞ்சு ஒட்டும். ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு கொதித்து ஆறிய தண்ணீர் என்று கலந்தேன். ஈரக் கையில் மூன்று சொட்டு, நன்றாகத் தேய்த்து 7 நிமிடம் பொறுத்தால் கடதாசியில் ஒன்றும் விழவில்லை. பட்டுத் துண்டு ஒன்றிலும் அழுத்திப் பார்த்தேன், அடையாளம் இல்லை. கற்றாழைப் பாடம் நினைவில் இருந்ததால் ஒரு முறைக்கு 15 மில்லிலீற்றர்தான் கலப்பேன். மூன்று நாளில் மிச்சம் இருந்தால் ஊற்றிவிடுவேன்.

இரவுக் களிம்புக்குத் தேன்மெழுகு வாங்க வேண்டியிருக்கவில்லை. கைத்தையல் நூலை முறுக்கவிடாமல் இருக்க அதில் இழுத்துத்தான் ஊசியில் கோர்ப்பேன். வன்னியிலிருந்து தேன் கொண்டுவருகிற ஒருவர் தந்த கட்டி மேசை லாச்சியில் கிடந்தது. நிறுக்கத்தான் வழி இல்லை. ஒழுங்கை முடக்கில் நகை வேலை செய்கிற அண்ணையிடம் போனேன். பவுண் நிறுக்கிற தராசில் மெழுகை வைத்ததும், "பிள்ளை, உதுக்கு என்ன விலை போட?" என்று சிரித்தார். 5 கிராம், 6 கிராம், 10 கிராம் என்று மூன்று பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தேன்.

தாச்சியில் தண்ணீரைச் சூடாக்கி அதற்குள் பால்மா பேணியை வைத்து உருக்குவதுதான் முறை. மெழுகு உருக 62 முதல் 64 பாகை போதும். தண்ணீர் கொதித்துத் துள்ளக்கூடாது, ஒரு சொட்டு பேணிக்குள் விழுந்தாலும் பழைய கதைதான்.

முதல் சட்டி: 10 கிராம் மெழுகு, 40 கிராம் தேங்காய் எண்ணெய். மத்தியானம் பார்க்க நன்றாக இருந்தது. விடியப்புறம் மெழுகுதிரி. நகத்தால் சுரண்டினால் தூளாக வந்தது. இரண்டாவது: 6 கிராம் மெழுகு, 40 கிராம் நல்லெண்ணெய். குளிரில் இறுகவில்லை, ஆனால் பூசிய பிறகு வழுக்கிக்கொண்டே இருந்தது. தலையணை உறையெல்லாம் முழுகுகிற நாள் மணம். மூன்றாவதில் 5 கிராம் மெழுகு, 20 கிராம் தேங்காய் எண்ணெய், 15 கிராம் நல்லெண்ணெய். இது சரி. 22 பாகையிலும் விரல் வைத்தால் குழியும், மத்தியானம் 29 பாகையில் உருகி ஓடாது. முதல் சட்டியைக் கொட்டவில்லை. அதில் 20 கிராம் எடுத்து 10 கிராம் நல்லெண்ணெய் சேர்த்துத் திரும்ப உருக்கிக் குதிக்காலுக்கு என்று வைத்தேன்.

பூசுகிற நேரம்தான் எனக்குப் புதிதாகப் பட்டது. முன்னெல்லாம் துவாயால் இழுத்துத் துடைத்து, உடுத்து, தேத்தண்ணி குடித்து, நினைவு வந்தால் பூசுவேன். அதற்குள் தோல் காய்ந்து இழுக்கத் தொடங்கியிருக்கும். இப்போது தண்ணீரை ஒற்றி எடுத்து, ஈரம் தோலில் இருக்க 3 நிமிடத்துக்குள் பூசுகிறேன். ஒரே களிம்பை இடது கைக்கு ஈரத்தோடும் வலது கைக்குக் காய்ந்த பிறகும் ஐந்து நாள் பூசிப் பார்த்தேன். தொடக்கத்தில் இடது 4, வலது 5. முடிவில் இடது 1, வலது 4. வலது கைதான் கத்தரிக்கோல் பிடிக்கிற கை, ஆகவே அந்தப் பந்தயம் முழுக்க நேர்மையானது என்று சொல்லமாட்டேன். என்றாலும் அதற்குப் பிறகு இரண்டு கைக்கும் ஈரத்தில்தான்.

களிம்பு படுக்கையில் ஒட்டாமல் இருக்கப் பருத்திக் கையுறை தேடினேன். தையல்காரி கையுறை வாங்கலாமா? பழைய பொப்ளின் பாவாடை ஒன்றை எடுத்து, கையைக் கடதாசியில் வைத்து வரைந்து, கால் அங்குலம் கூட்டி வெட்டினேன். முதல் சோடி படுதோல்வி. பொப்ளின் இழுபடாத துணி என்பதை, இத்தனை வருடம் தைத்தவள், மறந்துவிட்டேன். விரல் மடங்கவில்லை. உள்ளே இருந்த தையல் விளிம்பு சரியாகப் பெருவிரல் வெடிப்பில் அழுத்தியது. இரண்டாவதை ஒரு பழைய பனியனில் வெட்டினேன். அரை அங்குலம் கூட்டி, தையல் வெளிப்பக்கம் வரும்படி, மணிக்கட்டில் எலாஸ்டிக் இல்லாமல் நாடா வைத்து. பார்க்கச் சோளக்காட்டுப் பொம்மைக் கை மாதிரி இருக்கும். அம்மா விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, "உதென்ன பிள்ளை, பெரியாஸ்பத்திரியில ஒப்பரேசன் செய்யப் போறியோ?" என்று கேட்டா.

பெருவிரலில் இருந்த ஆழமான வெடிப்புக்கு மட்டும் தனி வைத்தியம். அதில் கிளிசரினும் எரிந்தது. இரவில் வசலின் கொஞ்சம் வைத்து மேலே பிளாஸ்டர். நான்காம் நாள் வாய் மூடியது. குதிக்காலுக்குப் பாமசியில் 10 வீத யூரியா கிறீம். திறந்த வெடிப்பில் போடாமல், சுற்றியிருந்த தடிப்பில் மட்டும். உரஞ்சுவதை நிறுத்தி அந்தக் கிறீமையும் மேலே களிம்பையும் பத்து நாள் பூசியதில் தடிப்பு தானாக இளகியது. காலுக்குச் சொக்ஸ் போட்டேன். ஆனால் எங்கள் வீட்டுச் சிவப்புச் சீமெந்து நிலத்தில் அது வழுக்கும். கட்டிலில் ஏறிய பிறகுதான் போட வேண்டும்.

அம்மாவின் காலுக்கு இதில் எதையும் செய்யவில்லை. அவவுக்குச் சலரோகம். உரஞ்சுவதோ வெட்டுவதோ வீட்டில் வேண்டாம், விரல் இடுக்கில் எதையும் பூச வேண்டாம், வெடிப்பு ஆழமாக இருந்தால் உடனே கூட்டி வாருங்கள் என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். தினமும் இரவு ரோர்ச் அடித்து இரண்டு பாதத்தையும் பார்ப்பேன். குதிக்காலில் வசலின் மட்டும்.

செலவு: கிளிசரின் 420, யூரியா கிறீம் 760, வசலின் 350, திரவச் சவர்க்காரம் 890. எல்லாமாக 2,420 ரூபா. எண்ணெய் குசினியில் இருந்தது, 100 ரூபா என்று வைத்துக்கொள்ளலாம். கிளிசரின் முக்கால் போத்தல் மிச்சம். மச்சாளிடம் போன 1,850ஐ இந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை.

அடுத்த முறை கார்த்திகை விளக்கீட்டன்றே தொடங்குவேன், வெடித்த பிறகு இல்லை. பீப்பாவை ஐப்பசி மழைக்கே வைப்பேன். இந்த வருடம் மழை பிந்திப் பிடித்ததால் தைக்கு முன் தண்ணீர் முடிந்து, கடைசி ஒரு கிழமை கொதித்து வடித்த தண்ணீரில்தான் சமாளித்தேன். அதற்கு எரிந்த காஸை நான் கணக்கில் எடுக்கவில்லை. களிம்புப் பேணியில் திகதி ஒட்ட வேண்டும், இரண்டாவது எது மூன்றாவது எது என்று மணந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். மெழுகை 4 கிராமாகக் குறைத்தும் ஒருக்கால் பார்க்க வேண்டும்.

காஞ்சிபுரப் பட்டு பிளவுஸை நேற்று மாலை வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். மணப்பெண்ணின் தாய் கையை உள்ளே விட்டுப் பார்த்தா, கக்கத்து மடிப்பையும் விரித்துப் பார்த்தா. எனக்கு மூச்சு நின்றுவிட்டது. பிறகு துணியை முகத்தருகே கொண்டுபோய், "தங்கச்சி, நல்லெண்ணெய் மணக்குதோ?" என்றா. களிம்புப் பேணி மெசின் மேலேயே திறந்தபடி இருந்தது.